ஆடிக் காற்றில் கலங்கரை விளக்கங்கள்: தூத்துக்குடியிலிருந்து உவரி வரை

ஜூலை 18, வெள்ளி: தூத்துக்குடி

ஆடி பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வல்லநாட்டைத் தாண்டியதும் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பேருந்தின் பின்பக்கத்தில் மோதத் தொடங்கி, ஊருக்குள் நுழையும் வரையிலும் விடவில்லை. சாலையின் இருபுறமும் உப்பளங்களில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மழையில்லாத இந்த வறண்ட காற்றுதான் உப்பை விரைவாக விளைய வைக்கிறது என்பதால் உப்பளத்துக்காரர்கள் இதை வரவேற்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்கள் அஞ்சுகிறார்கள். ஒரே காற்று ஒரே ஊரில் இரண்டு தொழில்களுக்கு இரண்டு விதமாக வீசுவதை இந்தப் பயணம் முழுவதும் பார்த்தேன்.

இந்தக் கரையின் கலங்கரை விளக்கங்களையும், கடலில் அகப்பட்டவர்களை மீட்க இங்கே என்னென்ன ஏற்பாடுகள் இருந்தன, இருக்கின்றன என்பதையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம். தூத்துக்குடியில் தொடங்குவதே முறை. மன்னார் வளைகுடாவின் இந்தப் பகுதியில் கடல் ஆழமற்றது. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஊரைப் பிடித்த ஒல்லாந்தர் காலத்திலும், 1825இல் அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்ட ஆங்கிலேயர் காலத்திலும் பெரிய கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் பயணிகளும் தோணிகளில் போய்வந்தனர். 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்களுக்கும் இதே நிலைதான். கரை தாழ்ந்தும் தட்டையாகவும் இருக்கிற இடத்தில், இரவில் வருகிற மாலுமிக்கு நிலம் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. எனவே கரைக்கு எதிரே உள்ள முயல் தீவில் விளக்கு வைப்பது அவசியமாயிற்று.

மாலையில் பனிமய மாதா பேராலயத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். திருவிழாவுக்குக் கொடியேற இன்னும் ஒரு வாரம் இருந்ததால் தெருவில் பந்தல் கம்புகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. தேநீர் 12 ரூபாய். பக்கத்தில் இருந்த பெரியவர், என் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "எங்கேருந்து வாறிய?" என்று தொடங்கினார். பேச்சுப் போக்கில், அவர் பல கரைகளில் விளக்குப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பது தெரியவந்தது. இப்படி ஒருவர் கிடைப்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அடுத்த ஒன்றரை மணி நேரம் நான் கேட்க, அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மின்சாரம் வருவதற்கு முன், மண்ணெண்ணெயை அழுத்தத்தில் ஆவியாக்கி, மேண்டில் என்னும் வலைத்திரியில் எரிய விடுவார்களாம். விளக்கைச் சுற்றியுள்ள கண்ணாடிப் பட்டகங்களின் கூடு பல நூறு கிலோ எடை கொண்டது. அது பாதரசத் தொட்டியில் மிதப்பதால் ஒரு விரலால் தள்ளினாலும் சுழலும். சுழற்றுவதற்குக் கடிகாரம் போன்ற பொறி ஒன்று உண்டு. அதன் எடைக்கட்டி கோபுரத்தின் நடுவே மெல்ல இறங்கிக்கொண்டே போகும்; அடியைத் தொடுவதற்குள் மறுபடி சாவி கொடுத்து மேலேற்ற வேண்டும், இரவு முழுவதும். பிரான்ஸ் நாட்டின் ஃபிரெனெல் 1822இல் வடிவமைத்த அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குப் பகலில் திரை போட்டு மூடிவைப்பது கட்டாயம் என்றும் சொன்னார். திரையில்லாவிட்டால் வெயிலைக் குவித்து உள்ளேயே தீ மூட்டிவிடுமாம்.

"காத்தடிச்சாலும், மழை பெஞ்சாலும், வீட்டுல எழவு விழுந்தாலும், சூரியன் எறங்குனா வெளக்கு எரியணும். அம்புட்டுத்தான் உத்தியோகம்" என்றார். மேலே நிற்கும்போது ஒரு வள்ளம் கவிழ்வதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பார்க்கலாம் தம்பி. போன் இருந்தா சொல்லலாம். வெளக்க விட்டுட்டு எப்படி எறங்கிப் போக?" என்றார்.

இரவு பொரித்த பரோட்டாவும் சால்னாவும். கடைக்காரர், கேட்காமலே இரண்டாம் முறை சால்னா ஊற்றினார். மக்ரூன் கால் கிலோ 220 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 19, சனி: முயல் தீவு, பழைய துறைமுகம், திருச்செந்தூர்

காலையில் முயல் தீவுக்குப் போகும் சாலையில் காற்று எதிரே வந்த ஆட்டோக்களை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தது. துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பிறகு, இந்தப் பகுதியின் உருவமே மாறிப்போயிருக்கிறது. சுற்றிலும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் சரக்குக் கிரேன்களும் இருக்க, விளக்குக் கோபுரத்தை வெளியே நின்று பார்த்தேன். இன்றைக்குச் செயற்கைக்கோள் வழி இடங்காட்டிகள் வந்துவிட்டன. எனினும் விளக்கு எரிகிறது. ஒவ்வொரு விளக்கும் தனக்கென்று குறித்த இடைவெளியில்தான் மின்னும். அந்த இடைவெளியை எண்ணிப் பார்த்தே மாலுமி, இது எந்த ஊர் விளக்கு என்று உறுதி செய்துகொள்கிறார்.

நேற்றுப் பெரியவர் சொன்ன கணக்கொன்று மனத்தில் சுழன்றுகொண்டே இருந்தது. பூமி வளைந்திருப்பதால் விளக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்பது அதன் உயரத்தை மட்டுமல்லாமல், பார்க்கிறவரின் கண் நீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. கடல் மட்டத்துக்கு மேல் 25 மீட்டரில் எரியும் விளக்கைக் கப்பலின் மேல்தளத்தில் 16 மீட்டர் உயரத்தில் நிற்பவர் சுமார் 18 கடல் மைல் தொலைவிலேயே கண்டுவிடுவார்; கண் 2 மீட்டர் உயரத்தில் இருக்கும் வள்ளத்துக்காரருக்கு அது சுமார் 13 கடல் மைலுக்குள் வந்தால்தான் தெரியும். அலை எழும்பிய இரவில் அதுவும் விட்டுவிட்டுத்தான். விளக்குகள் கப்பலுக்காகக் கட்டப்பட்டவை. அவற்றைப் பராமரிக்கும் செலவும் 1927ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கச் சட்டத்தின்படி துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல்களிடம் கட்டணமாக வசூலிக்கப்பட்டது. அந்தச் சட்டம் இயற்றப்பட்ட செப்டம்பர் 21ஆம் நாளையே நாட்டின் கலங்கரை விளக்க நாளாகக் கொண்டாடுகிறோம். 2021இல் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. வணிகத்துக்குத் தேவையான வெளிச்சத்துக்கு வணிகம் பணம் கொடுத்தது என்பதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்த வெளிச்சத்துக்கு அடியில் கவிழும் சிறு படகுகளுக்கு யார் பொறுப்பு என்பது அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. இதை நான் கசப்போடுதான் எழுதுகிறேன்.

பழைய துறைமுகத்தில் தோணிகளைப் பார்க்கக் கூட்டம் இல்லை. இக்கரையிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போன தோணிகளில் தண்டையலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது லாரி ஓட்டுகிறார்கள் என்று ஒரு கூலித் தொழிலாளி சொன்னார். புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றியும் அவரிடம்தான் பேச்சு வந்தது. "தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றம்" என்ற செய்தியை ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் படிக்கிறோம். துறைமுகங்களில் இந்த எச்சரிக்கை முறை 1865இல் கல்கத்தாவில் தொடங்கியது. ஒன்றும் இரண்டும் தொலைவில் உள்ள புயலைக் குறிப்பவை. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே உள்ள எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பேரபாயம். பதினொன்று என்றால் வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். பகலில் கூண்டுகளாகவும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாகவும் கம்பத்தில் ஏற்றுவார்கள். துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கு இது போதும். முந்தின நாளே வலையோடு புறப்பட்டுப் போனவர் திரும்பிவந்த பிறகுதான் கம்பத்தைப் பார்ப்பார்.

பிற்பகல் திருச்செந்தூர்ப் பேருந்து. பழையகாயல், முக்காணி, ஆத்தூர் வழியே தாமிரபரணியைக் கடக்கும்போது ஆற்றில் தண்ணீர் மெலிந்து ஓடியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது இந்த ஆறு இருகரையையும் விழுங்கிற்று. திருவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது கடற்கரை ஊர்களிலிருந்து ஃபைபர் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டுவந்து, வயல்களுக்கும் தெருக்களுக்கும் நடுவே படகோட்டி மக்களை மீட்டவர்கள் மீனவர்கள். என் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த ஏரல்காரப் பெண்மணி தம் வீட்டு மாடியிலிருந்து அப்படி இறக்கப்பட்டவர். "தண்ணிக்குள்ள எது ரோடு, எது கிணறுன்னு அவுகளுக்குத் தெரியாது. ஆனாலும் வந்தாக" என்றார். மீட்பு நிலையங்களைத் தேடி வந்தவனுக்கு அந்த ஒரு வாக்கியம் நிறையக் கற்றுக்கொடுத்தது.

ஜூலை 20, ஞாயிறு: குலசேகரப்பட்டினம், மணப்பாடு

திருச்செந்தூரில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். காலைப் பேருந்தில் நின்றுகொண்டே குலசேகரப்பட்டினம் வந்தேன். ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டிய பிறகு ஊரைச் சுற்றி நில விலை பேச்சே பெரிதாக இருக்கிறது. முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு இன்னும் நாள் இருப்பதால் தெருக்கள் அமைதியாக இருந்தன. சாலையோரத்தில் பதநீர் விற்ற அம்மா ஓலைப் பட்டையில் நுங்கு போட்டு 30 ரூபாய்க்குத் தந்தார். காற்றில் பட்டை ஆட, பாதி பதநீர் என் சட்டையில் வழிந்தது. அவர் சிரிக்காமல், காசு கேட்காமல் மறுபடி நிறைத்தார்.

மணப்பாட்டு விலக்கில் பேருந்து என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஊருக்குள் போவதாகச் சொல்லித்தான் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். உச்சி வெயிலில் நடந்தேன். பாதி வழியில் குடை மடங்கி, கம்பி முறிந்து, கையில் பிடி மட்டும் மிஞ்சியது. மணல், அம்பு போல் கன்னத்தில் தைத்தது. ஒளிப்படக் கருவியின் வளையத்துக்குள் புகுந்து அதைத் திருப்ப முடியாமல் செய்தது. முதல் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியபோது, உள்ளேயிருந்து ஒரு பாட்டி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "இந்தக் காத்துல வந்துருக்கியளே, சாப்பிட்டியளா?" என்று கேட்டார். அவர் கைகாட்டிய சிறிய சாப்பாட்டுக் கடையில் விளமீன் குழம்பும் சோறும் 140 ரூபாய். கடல் கொந்தளிப்பால் மீன் வரத்துக் குறைவு, அதனால் துண்டு சிறிது என்று கடைக்காரர் தாமாகவே சொன்னார். தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு அத்தனை நன்றாக இருந்தது.

மணப்பாடு கடலுக்குள் நீண்டிருக்கும் மணல் மேட்டு முனை. அந்த மேட்டின் மீது திருச்சிலுவை ஆலயமும் அதன் அருகே கலங்கரை விளக்கமும் நிற்கின்றன. ஊர் மரபு சொல்லும் கதை இது: 1540இல் போர்த்துக்கீசிய வணிகக் கப்பலொன்று புயலில் சிக்கிப் பாய்மரம் ஒடிந்து தத்தளித்தபோது, உயிரோடு கரைசேர்ந்தால் அந்த மரத்திலேயே சிலுவை செய்து நாட்டுவதாகக் கப்பல் தலைவர் வேண்டிக்கொண்டார், கரை சேர்ந்தார், நாட்டினார். 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் மேட்டின் கடலோரக் குகையில் தங்கினார். குகைக்குள் இருக்கும் சிறு கிணற்றில், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், நல்ல தண்ணீர். ஆலயம் 1581இல் எழுந்தது. விளக்குக் கோபுரம் வருவதற்கு நூற்றாண்டுகள் முன்பே, இந்த மேடு ஒரு மீட்பின் நினைவிடமாக இருந்திருக்கிறது.

அன்று காற்று மிகுந்திருந்ததால் விளக்குக் கோபுரத்தின் மேல் யாரையும் ஏற்றவில்லை. வாயிலில் இருந்தவர் அதைக் கனிவாகச் சொல்லி, நிழலில் உட்காரும்படி நாற்காலி ஒன்றை நகர்த்திக் கொடுத்தார். ஏறியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கீழேயே தங்கியதால்தான் மாலை வரை கரையில் மீனவர்களோடு இருக்க வாய்த்தது.

முனையின் ஒதுக்குப்புறத்தில் படகுகளை மணலில் இழுத்து வரிசையாக வைத்திருந்தார்கள். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த மூத்த சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவரிடம் விளக்கைப் பற்றிக் கேட்டேன். பகலில் திருச்சிலுவை ஆலயம், பரிசுத்த ஆவி ஆலயம், யாகப்பர் ஆலயம், விளக்குக் கோபுரம் ஆகியவற்றில் இரண்டிரண்டை நேர்கோட்டில் பார்த்துத் தாங்கள் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்வதாகவும், மீன் கிடக்கும் பார்கள் என்னும் கடலடிப் பாறைத் திட்டுகளையும் அப்படியே அடையாளம் வைத்திருப்பதாகவும் சொன்னார். இரவில் விளக்கு மட்டும். "வெளக்கு தெரிஞ்சா வீடு தெரிஞ்ச மாதிரி" என்றார் அருகிலிருந்த இளைஞர்.

ஆபத்தைப் பற்றிப் பேச்சு திரும்பியதும் இளைஞரை முந்திக்கொண்டு பெரியவரே விளக்கினார். இக்கரை கிழக்கும் தெற்குமாகக் கடலைப் பார்த்திருக்கிறது. கச்சான் மேற்கிலிருந்து வருவதால் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரத்தில் கடல் சில வேளை அடங்கியதுபோலத் தோன்றினாலும், இஞ்சின் நின்றுபோன படகைக் காற்று கரைக்குக் கொண்டுவராது; வெளியே, வெளியே என்று இழுத்துக்கொண்டே போகும். ஆடியில் இஞ்சின் நிற்பது அதனால்தான் மற்ற மாதங்களைவிடக் கொடியது. சில ஆண்டுகளுக்கு முன் இப்படி நால்வர் திரும்பாத இரவில், கோவில் மணி அடித்து ஊர் கூடி, ஏழெட்டுப் படகுகள் கிளம்பியதை அவர் சொன்னார். எங்கே வலை போட்டார்கள், எத்தனை மணிக்கு இஞ்சின் நின்றிருக்கும், காற்று எந்தப் பக்கம், நீவாடு என்னும் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கரையிலேயே கணக்கிட்டு, படகுகளை விசிறிபோல் பிரித்து அனுப்பினார்கள். விடிந்து வெகு நேரத்துக்குப் பின் துடுப்பில் கட்டிய சாரம் (லுங்கி) ஆடுவதைக் கண்டார்களாம். தேடப் போன படகுகளில் ஒன்றுக்கும் எண்ணெய் திரும்பி வரப் போதவில்லை. ஒன்றையொன்று கட்டி இழுத்து வந்து சேர்ந்தார்கள்.

இந்தத் திறமைக்குச் சான்றிதழ் இல்லை, பதிவேடு இல்லை, கட்டடம் இல்லை. தேடல் கணக்கை மணலில் கோடு போட்டுக் காட்டிய அந்த மனிதரை எந்தக் கடல்சார் கல்லூரியிலும் பாடம் எடுக்க அழைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது; மிகையாகச் சொல்லவில்லை.

திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. விளக்கு சுழலத் தொடங்கியிருந்தது. ஊர் இளைஞர் ஒருவர் பைக்கில் கொண்டுவந்து விலக்கில் விட்டார். பெட்ரோலுக்கு என்று நீட்டிய பணத்தை வாங்கவில்லை.

ஜூலை 21, திங்கள்: பெரியதாழை, உவரி

பெரியதாழையில் கொஞ்ச நேரமே நின்றேன். கடலுக்குள் கல் அடுக்கிக் கட்டிய தூண்டில் வளைவுகள் அலையை உடைத்து, படகுகள் கரையேற இடம் கொடுக்கின்றன. வள்ளங்கள் நடுக்கடலைவிடக் கரையேறும் அலைவாயில்தான் அதிகம் கவிழும் என்று நேற்று மணப்பாட்டில் கேட்டிருந்ததால், இந்தக் கற்களை உயிர் காக்கும் நிலையமாகவே பார்த்தேன். வளைவு இல்லாத ஊர்கள் அதைக் கேட்டுப் போராடுவதன் காரணமும் விளங்கியது.

உவரியில் கப்பல் மாதா ஆலயத்தைக் கப்பல் வடிவிலேயே கட்டியிருக்கிறார்கள். அந்தோணியார் திருத்தலத்தின் மரபுக் கதையிலும் ஒரு கப்பல் வருகிறது: காலரா கண்ட போர்த்துக்கீசியக் கப்பலின் தச்சர் செதுக்கிய சுரூபம் அது, நோய் தீர்ந்து அவர்கள் இறங்கிய கரை இது என்பார்கள். கோவில் வாசலில் 20 ரூபாய்க்கு வாங்கிய சுக்குக் காப்பி, இரண்டு நாள் புழுதிக்குப் பின் தொண்டைக்கு மருந்தாயிற்று.

அரசின் ஏற்பாடுகள் இன்று எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கடலோரக் காவல்படை 1977இல் தொடங்கி, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதிபெற்றது. அதன் அவசர எண் 1554. தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. வழியில் ஒரு காவல் நிலையத்தில் என்னை உட்கார வைத்துப் பேசிய காவலர் இந்த இரண்டு எண்களையும் துண்டுத் தாளில் எழுதித் தந்து, "ஊருக்குப் போயும் நாலு பேருக்குச் சொல்லுங்க சார்" என்றார். இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவியில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே இடம் தெரிந்துவிடும். புதிய வகையில், செய்தி கிடைத்தது என்ற பதிலும் படகுக்கே திரும்பி வருகிறது. காற்றே இல்லாத நாளில் கரையில் திடீரென்று ஏறும் கள்ளக்கடல், தெற்கே வெகு தொலைவில் எழும்பிய புயல் அனுப்பும் அலை என்பதால், அதையும் இப்போது முன்கூட்டியே அறிவிக்க முடிகிறது.

எனினும் 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலை இந்தக் கரையில் யாரும் சாதாரணமாகப் பேசுவதில்லை. இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, ஒரு நாளுக்குள் புயலாகிக் குமரிக் கடலைக் கடந்தபோது, ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமற்போயிற்று. தேடுதலுக்குக் கப்பல்களும் விமானங்களும் வந்தன. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தவர்கள் கரையில் நின்று கதறினார்கள். பின்னரே மீனவர்களையும் கப்பல்களில் ஏற்றிச் சென்றார்கள். உவரிக் கரையில் இதைச் சொன்னவர் தம் உறவினர் ஒருவரை அந்தப் புயலில் இழந்தவர். அவரிடம் மேற்கொண்டு கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பிரிட்டனில் 1824இல் கப்பல் விபத்தில் சிக்கியவர்களைக் காக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்றும் அங்கே கடற்கரை ஊர்களின் மீனவர்களும் கடைக்காரர்களும் தன்னார்வலர்களாக மீட்புப் படகில் ஏறுகிறார்கள். படகு, எரிபொருள், பயிற்சி, உடை எல்லாம் நன்கொடையில் நடக்கும் அந்த அமைப்பின் பொறுப்பு. நம் ஊர்களில் ஏறுகிற மனிதர்கள் அன்றிலிருந்து இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டிய படகும் எரிபொருளும்தான் இல்லை.

இதை உவரியில் படகுகளுக்கு நடுவே அமர்ந்திருந்தவர்களிடம் சொன்னபோது, அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, என்ன வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். இரண்டு இஞ்சின் பூட்டிய ஒரு படகு, தொழிலுக்கு எடுக்காமல் எப்போதும் கரையில் நிற்க வேண்டும். இரவில் வீசிப் பார்க்கும் பெரிய விளக்கு, வயர்லெஸ், பத்து மிதவைச் சட்டை. தேடப் போகும் படகுகளின் மண்ணெண்ணெய்க்கு யாராவது கணக்கு ஏற்க வேண்டும். இப்போது அவரவர் மானிய மண்ணெண்ணெயில்தான் போகிறது, அந்த மாதம் தொழிலுக்குக் குறைகிறது. தேடப் போய் ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால் அவர் குடும்பத்துக்குக் காப்பீடு வேண்டும். "வேற எதுவும் வேண்டாம் அண்ணாச்சி. போறதுக்கு நாங்க இருக்கோம்" என்று முடித்தார் ஒருவர். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, திசையன்விளைக்கு 40 ரூபாய் கொடுத்து ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.